அடுப்பா, வெயிலா, பம்பா? குழவி விண்மீனைச் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்குவது எது

பெர்சியஸ் மண்டலத்தில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,000 ஒளியாண்டுத் தொலைவில், என்ஜிசி 1333 என்ற மேகம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி 10 கெல்வின் அளவில் குளிர்ந்து கிடக்கிறது. நம் கணக்கில் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அந்த இருட்டுக்குள், தூசியையும் வாயுவையும் இழுத்து விழுங்கியபடி பல குழவி விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள வாயுவில் ஒரு பங்கு மட்டும் 300 கெல்வினில் இருக்கிறது. நம் வீட்டுத் திண்ணையின் வெப்பநிலை அது. இன்னொரு சிறு பங்கு 700 கெல்வினையும் தொடுகிறது. இவ்வளவு குளிருக்கு நடுவே இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

மூன்று விடைகள் நெடுநாளாகக் களத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நான் வைத்துக்கொண்ட பெயர்கள் அடுப்பு, வெயில், பம்பு. விண்மீனின் ஒளி தூசியைச் சூடாக்க, தூசியைத் தொட்டு வாயு சூடாவது அடுப்பு. புற ஊதாக் கதிர்கள் வாயுவின் மேல்பரப்பில் விழுந்து காய்ச்சுவது வெயில். வேகமாகப் பாயும் வாயு, நிற்கும் வாயுவை மோதி அழுத்திச் சூடாக்குவது பம்பு. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அந்தச் சூடுதான் இது.

எதை ஏற்பது என்பது பட்டிமன்றக் கேள்வி இல்லை. கையில் ஒரு நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஏதாவது ஒரு மாதிரியைத் தேர்ந்தாக வேண்டும். தேர்வு தவறினால் அங்கே எவ்வளவு நீர் இருக்கிறது, அது கோள்கள் உருவாகும் வட்டில் இருக்கிறதா அல்லது வெளியே வீசியெறியப்படுகிறதா என்ற கணக்கெல்லாம் தவறிவிடும். அப்படித் தவறிய ஒரு கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வெப்பமானியைப் பார்ப்போம். மேகத்தில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன் மூலக்கூறு. ஆனால் குளிரில் அது ஒளிர்வதே இல்லை. அடுத்து மிகுதியாக இருக்கும் கார்பன் மோனாக்சைடு நன்றாக ஒளிரும். 1970-ல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் ஒரியன் நெபுலாவில் 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த மூலக்கூறு சுழலும் வேகம் படிப்படியாகத்தான் ஏறும். இடைப்பட்ட வேகங்கள் அதற்கு இல்லை. ஒரு படி இறங்கும்போது அந்தப் படிக்குரிய அலைநீளத்தில் ஒளி விடும்; நிறமாலையில் அது ஒரு கோடாகத் தெரியும். முதல் படிக்கு ஏற 5.5 கெல்வினுக்கு ஈடான ஆற்றல் போதும். 14-வது படிக்கு ஏறத்தாழ 580 கெல்வின் வேண்டும். 24-வது படிக்கு 1,650 கெல்வினுக்கு மேல் வேண்டும். உயர்ந்த படியிலிருந்து ஒளி வருகிறது என்றால் அங்கே சூடான வாயு இருக்கிறது என்று பொருள்.

அந்த உயர்ந்த படிகளின் ஒளி தொலை அகச்சிவப்பில் வருகிறது. நம் வளிமண்டலத்தின் நீராவி அதை விழுங்கிவிடும். எனவே விண்வெளிக்குப் போக வேண்டியிருந்தது. 1995 முதல் 1998 வரை இயங்கிய ஐஎஸ்ஓ என்ற விண்வெளித் தொலைநோக்கி, 60 சென்டிமீட்டர் கண்ணாடியை வைத்துக்கொண்டு சில குழவி விண்மீன்களில் இந்தக் கோடுகளைப் பிடித்தது. 2009 மே 14 அன்று ஏவப்பட்ட ஹெர்ஷெல் தொலைநோக்கி 3.5 மீட்டர் கண்ணாடியோடு போனது. அதிலிருந்த பேக்ஸ் என்ற கருவி, 14-வது படிக்கு மேலே வரிசையாகப் பத்து, இருபது, சிலவற்றில் முப்பது கோடுகளைக் கூட ஒரே விண்மீனில் எண்ணித் தந்தது.

அந்தக் கோடுகளை நான் ஒருமுறை வரைபடத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்துப் பார்த்தேன். கிடை அச்சில் படியின் ஆற்றல். நெடு அச்சில் அந்தப் படியில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, மடக்கை அளவில். வாயு முழுவதும் ஒரே வெப்பநிலையில், போதுமான அடர்த்தியோடு இருந்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் சரிந்து இறங்க வேண்டும். சரிவு குறையக் குறைய வெப்பநிலை கூடுதல். புள்ளிகள் இறங்கின, ஆனால் 25-வது படிக்கு அருகில் வளைந்தன. அளவுகோலை ஒருமுறை வைத்துக் கோடு போட்டுவிட்டு, சாய்த்து இன்னொரு கோடு போட வேண்டியிருந்தது. முதல் கோடு 300 கெல்வின் என்றது, இரண்டாவது 700 கெல்வின் என்றது. பெர்சியஸில் பார்த்தாலும் வேறு மேகத்தில் பார்த்தாலும் இதே இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த ஒற்றுமையைக் கண்ட நாளிலிருந்துதான் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இனி ஒவ்வொன்றாக எடை போடலாம்.

அடுப்பை மறுக்க யாராலும் முடியாது. விண்மீன் இருக்கிறது, ஒளி இருக்கிறது, தூசி இருக்கிறது. அடர்ந்த இடத்தில் வாயுவும் தூசியும் ஒரே வெப்பநிலைக்கு வந்தே தீரும். புதிதாக எதையும் அனுமானிக்கத் தேவையில்லை என்பதே இதன் பெரிய பலம். ஆனால் கையெட்டும் தூரத்துக்குத்தான் அடுப்பின் சூடு. சூரியனளவு ஒளிரும் ஒரு குழவி விண்மீனில் தூசி 100 கெல்வினில் இருக்கும் எல்லை, மையத்திலிருந்து ஏறத்தாழ 15 வானியல் அலகுகள் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). நம் சூரிய மண்டலத்தில் சனிக்கும் யுரேனஸுக்கும் இடைப்பட்ட தூரம் அது. 300 கெல்வின் வேண்டுமானால் இன்னும் மிக உள்ளே போக வேண்டும். அந்தச் சிறு இடத்தில் இருக்கும் வாயு, ஹெர்ஷெல் பார்த்த ஒளியைத் தரப் போதாது. தருகிற ஒளியையும் சுற்றியுள்ள தூசி மறைத்துவிடும். கார்பன் மோனாக்சைடு ஏறும் ஏணியின் கீழ்ப்படிகளுக்கு அடுப்பே போதும். 14-வது படிக்கு மேல் அதை நம்பி உட்காரக் கூடாது.

வெயில் இன்னும் நுட்பமானது. விண்மீனின் மேல் பொருள் விழும் இடத்தில் புற ஊதாக் கதிர் பிறக்கிறது. சாதாரணமாக அது விண்மீனைப் போர்த்தியிருக்கும் தூசி உறையைத் தாண்டி வெளியே வர முடியாது. ஆனால் குழவி விண்மீன்கள் இரு துருவங்களிலும் தாரைகளை வீசுகின்றன; அந்தத் தாரைகள் உறையைக் குடைந்து புனல்போல் ஒரு வெளியை உண்டாக்குகின்றன. குடைவின் வழியே கதிர் வெளியே ஓடி அதன் சுவர்களில் சாய்வாக விழுகிறது. அங்கே ஆறு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் கொண்ட ஒளித்துகள்கள் நுண்ணிய தூசித் துகள்களிலிருந்தும் பெரிய கரிம மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிடுங்கி எறிகின்றன. பள்ளிப் பாடத்தில் படித்த ஒளிமின் விளைவுதான். பாய்ந்து வரும் எலக்ட்ரான் தன் வேகத்தை வாயுவுக்குக் கொடுக்கிறது. தூசி குளிராக இருக்கும்போதே வாயு மட்டும் நூற்றுக்கணக்கான கெல்வினுக்கு ஏறிவிடுகிறது.

இதை ஸ்பான்ஸும் உடனிருந்தவர்களும் 1995-லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். கணக்கு சரி என்பதற்குச் சான்றும் கிடைத்தது. சிலி நாட்டின் சாக்நந்தோர் பீடபூமியில், 5,000 மீட்டருக்கு மேல் நிற்கும் அபெக்ஸ் தொலைநோக்கி, கார்பன்-13 கொண்ட கார்பன் மோனாக்சைடின் ஆறாவது படிக் கோட்டைக் குடைவுச் சுவர்களை ஒட்டிக் கண்டது. வாயு பல வேகங்களில் பாய்ந்தால் அலைநீளம் சற்றே நகர்ந்து கோடு அகலமாகும்; எனவே கோட்டின் அகலத்தை வேகமாகவே அளப்பார்கள். அந்தக் கோடு மிகவும் குறுகலாக இருந்தது. சூடாக, ஆனால் அசையாமல் நிற்கும் வாயு! மோதலில் சூடானது இப்படி நிற்காது. அந்த இடத்தில் வெயில் வென்றது என்றே நான் சொல்வேன்.

சிக்கல் மேல்படிகளில் வருகிறது. வெயில் காரணமென்றால், பிரகாசமான விண்மீனின் சுவர் அதிகமாகவும் மங்கலான விண்மீனின் சுவர் குறைவாகவும் காய வேண்டும். இன்று மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றும் பி. மனோஜும் குழுவினரும் ஒரியன் மேகங்களில் 21 குழவி விண்மீன்களை ஹெர்ஷெல் வழியாகப் பார்த்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றின் பிரகாசம் ஒன்றுக்கொன்று நூறு மடங்கு வரை வேறுபட்டது. பிரகாசம் கூடினால் கார்பன் மோனாக்சைடு தரும் மொத்த ஒளி கூடியது. வெப்பநிலை மட்டும் அசையவே இல்லை. நூறு மடங்கு வேறுபட்ட அடுப்புகளில் வைத்த பானைகள் எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால், சூட்டை நிர்ணயிப்பது அடுப்பின் அளவு இல்லை என்றுதானே முடிவு செய்வோம்? புற ஊதாக் கதிர் இந்த ஒளியின் முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்பில்லை, மோதிச் சூடான வாயுவே காரணம் என்பதுதான் அவர்களின் முடிவு. இந்த மொத்த விவாதத்தில் என்னை மிகவும் அசைத்த வாதம் இது.

இந்த விவாதம் எனக்கு இன்னொரு பாடத்தையும் தந்தது. நான் தாளில் போட்ட இரண்டு கோடுகளும் இரண்டு வெப்பநிலைகள் என்று நம்பியிருந்தேன். வானியலாளர் டேவிட் நியூஃபெல்ட் 2012-ல் காட்டியது வேறு: அடர்த்தி குறைந்த, மிகவும் சூடான வாயு ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் அதே வளைவைத் தரும். அடர்த்தி குறைந்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று போதிய அளவு மோதிக்கொள்வதில்லை. மேல்படிகள் முழுமையாக நிரம்புவதில்லை. புள்ளிகள் வளைந்து விழுகின்றன. அதாவது 300 என்று நாம் படிப்பது, 2,000 கெல்வினைத் தாண்டிய வாயு நமக்குக் காட்டும் முகமாகவும் இருக்கலாம். ஏணியின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தைத் தீர்மானிக்க முடியாது.

இனி பம்பு. தாரையும் அதைச் சூழ்ந்த காற்றும் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் போய் உறையை முட்டுகின்றன. ஒலியின் வேகத்தை மிஞ்சிய மோதல் என்பதால் அதிர்ச்சி அலை உண்டாகிறது. நொடிக்கு 20 கிலோமீட்டர் வேக மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். அது திடீரென்று நிகழ்ந்தால் வாயு ஏறத்தாழ 20,000 கெல்வினைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் தாக்குப்பிடிப்பது கடினம். ஆனால் மேகத்தில் காந்தப்புலம் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற துகள்கள் காந்தப்புலத்தோடு முன்கூட்டியே நகர்ந்து, அலை வருவதற்கு முன்பே வாயுவை மெல்லத் தள்ளத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பின்னாலிருந்து வரும் நெரிசலை முன்வரிசைக்காரர்கள் முன்பே உணர்ந்து நகர்வது போல. புரூஸ் டிரெய்ன் 1980-ல் இதை விளக்கினார். இப்படி மெத்தென்று வரும் அலையில் வெப்பநிலை ஓரிரு ஆயிரம் கெல்வினோடு நின்றுவிடுகிறது. மூலக்கூறுகள் உடையாமல் ஒளிர்கின்றன. மேல்படிகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. அலையின் சூடு மோதும் வேகத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது, விண்மீனின் பிரகாசத்தைப் பொறுத்தது இல்லை; எனவே ஒரியனில் கண்ட ஒற்றுமையும் புரிகிறது.

இப்போது நான் வாக்களித்த கதை. என்ஜிசி 1333-ல் ஐராஸ் 4பி என்றொரு குழவி விண்மீன். 2007-ல் டான் வாட்சன் குழுவினர் ஸ்பிட்சர் தொலைநோக்கியால் 30 இளங்குழவிகளைப் பார்த்தார்கள். அதில் இது ஒன்றில் மட்டும் சூடான நீராவியின் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. உறையிலிருந்து பனி விழுந்து, கோள்கள் உருவாகவிருக்கும் வட்டில் மோதி ஆவியாகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பூமியின் கடல்களை ஐந்து முறை நிரப்பும் அளவு நீர் என்று செய்தி பரவியது. எவ்வளவு அழகான காட்சி! நம் கடல்களின் பிறப்பையே பார்க்கிறோம் என்று நானும் மகிழ்ந்தேன்.

பிறகு ஹெர்ஷெல் வந்தது. கிரெக் ஹெர்செக் தலைமையிலான குழு 2012-ல் அதே இடத்தின் தொலை அகச்சிவப்பு நிறமாலையை வெளியிட்டது. நீரின் கோடுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. ஆனால் அந்த ஒளியின் மையம் விண்மீனின் மேல் விழவில்லை. ஏறத்தாழ 5 வில்விநாடி (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) தள்ளி, தாரையோடு வெளியேறி நம்மை நோக்கி வரும் வாயுவின், அதாவது வெளிப்பாய்வின், மேல் விழுந்தது. அந்தத் தொலைவில் 5 வில்விநாடி என்றால் ஆயிரம் வானியல் அலகுகளுக்கு மேல். வட்டு அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது. ஸ்பிட்சர் கண்ட நீரும் இதே 1,500 கெல்வின் வாயுவிலிருந்து வந்ததுதான், தாரை உறையை முட்டிய இடத்திலிருந்து வந்ததுதான் என்று அவர்கள் காட்டினார்கள். உள்ளே விழுவதாக நினைத்தது வெளியே பாய்ந்துகொண்டிருந்தது.

முதல் குழு கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. அவர்களிடம் வெப்பநிலையும் அடர்த்தியும் இருந்தன. துல்லியமான இடம் இல்லை. வட்டின் மோதலும் வெளிப்பாய்வின் மோதலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையைத் தர முடியும். வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டால் போதாது, எந்த இடத்தில், எந்த வேகத்தில் என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்த ஒரு விண்மீனே எனக்கு உணர்த்திவிட்டது.

வேகத்தைக் கேட்டவர்களின் பதில் 2017-ல் வந்தது. ஹெர்ஷெலில் இருந்த ஹைஃபை என்ற கருவி ஒரு கோட்டின் அகலத்தை நுணுக்கமாக அளக்கும். லார்ஸ் கிறிஸ்டென்சன் குழுவினர் 24 குழவி விண்மீன்களில் 16-வது படிக் கோட்டை அதனால் பார்த்தார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். 300 கெல்வினில் சும்மா நிற்கும் கார்பன் மோனாக்சைடு, வெறும் வெப்பத்தால் கோட்டை அகலப்படுத்துவது நொடிக்கு 0.7 கிலோமீட்டர் மட்டுமே. சுவரில் கொஞ்சம் கொந்தளிப்பு இருந்தாலும் சில கிலோமீட்டர்களுக்குள் அடங்கும். அவர்கள் கண்ட அகலம் சராசரியாக நொடிக்கு 20 கிலோமீட்டர். இந்த வாயு நிற்கவே இல்லை, பாய்கிறது. வெயிலில் காயும் சுவர் இப்படிப் பாயாது.

300 கெல்வின் பங்கு அந்த அகலமான கோட்டோடு பொருந்தியது. 700 கெல்வின் பங்கு, விண்மீனின் வேகத்திலிருந்து விலகி நிற்கும் இன்னொரு குறுகிய கோட்டோடு பொருந்தியது. இரண்டு வெப்பநிலைகளுக்கு இரண்டு நடைகள். நான் தாளில் போட்ட இரண்டு கோடுகளுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

பம்பு முழுதாக வென்றுவிட்டது என்று இங்கேயே நிறுத்தியிருப்பேன், நீர் குறுக்கே வராவிட்டால். வாயு 300 கெல்வினைத் தாண்டியதும் ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து மளமளவென்று நீராக மாற வேண்டும். ஹைட்ரஜன் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நீர் இருக்க வேண்டும். கிடைத்ததோ பத்து லட்சத்துக்கு இரண்டு. ஐம்பது மடங்கு குறைவு! அகதா கர்ஸ்கா குழுவினர் 2014-ல் பெர்சியஸ் விண்மீன்களிலும் இதே குறையைக் கண்டார்கள்: சாதாரண அதிர்ச்சி அலை மாதிரிகள் சொல்வதைவிட நீர் குறைவு, நீர் உடைந்தால் வரும் ஹைட்ராக்சில் கூடுதல். நீரை உடைப்பது புற ஊதாக் கதிர். எச்எச் 211 என்ற வெளிப்பாய்வில் ஸ்பிட்சர் 2008-லேயே இதற்கு நேரடிச் சாட்சி சொல்லியிருந்தது. உடைந்த நீரிலிருந்து பிய்ந்து வந்த ஹைட்ராக்சில் மூலக்கூறுகள், எந்த வெப்பத்தாலும் எட்ட முடியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன.

ஆக, வெயில் சூடாக்குவதில் தோற்று, வேதியியலில் திரும்பி வருகிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியது நம் வசதிக்காகத்தான். மோதலும் கதிரும் ஒரே இடத்தில் சேர்ந்தே வேலை செய்கின்றன; தாரையின் முனை வேகமாக முட்டினால் அந்த மோதலே புற ஊதாக் கதிரையும் பிறப்பிக்கிறது. எக்ஸ் கதிரையும் சிலர் வேட்பாளராக முன்வைப்பார்கள். விண்மீனுக்கு மிக அருகில் அதற்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆயிரம் வானியல் அலகு தள்ளி ஒளிரும் வாயுவுக்கு அது காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

என் தேர்வை இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது ஏணியின் அடிப்படிகள் மட்டும் என்றால் அடுப்போடு நில்லுங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள். குறுகலான கோடுகள் தெரிந்தாலோ, உறை பெருமளவு கலைந்துவிட்ட முதிர்ந்த குழவியாக இருந்தாலோ வெயிலை எடுங்கள். ரூட் விஸ்ஸர் குழுவினரின் 2012 கணக்கும் வயது கூடக்கூட வெயிலின் பங்கு கூடுவதாகவே சொல்கிறது. 14-வது படிக்கு மேல், உறைக்குள் ஆழப் புதைந்த இளங்குழவியில், வெயில் படும் பம்புதான் என் விடை. வெயிலைச் சேர்க்காத வெறும் பம்பை எடுத்தால் நீரின் அளவு ஐம்பது மடங்கு பிசகும். தொலைநோக்கி நேரம் ஒரே ஒரு அளவீட்டுக்குத்தான் கிடைக்கும் என்றால், பத்துக் கோடுகளின் பிரகாசத்தை விட்டுவிட்டு ஒரு கோட்டின் அகலத்தைக் கேளுங்கள்.

பம்பின் கைப்பிடியை அழுத்துவது யார் என்பது இன்னும் தீராத வழக்கு. தாரை கிளப்பிய காற்று குடைவுச் சுவரை முட்டுகிறதா, அல்லது வட்டின் மேல்பரப்பிலிருந்தே காந்தப்புலம் உயர்த்தியெறியும் காற்று போகிற வழியில் தானாகச் சூடாகிறதா? 20 கிலோமீட்டர் அகலக் கோட்டை இரண்டும் தர முடியும். இடத்தையும் வேகத்தையும் ஒரே கருவியால் சேர்த்து அளந்தால் பிரித்துவிடலாம். ஆனால் ஹெர்ஷெலின் ஹீலியம் 2013 ஏப்ரல் 29 அன்று தீர்ந்துபோனது. விமானத்தில் பறந்து தொலை அகச்சிவப்பைப் பார்த்துவந்த சோஃபியா 2022 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. ஜேம்ஸ் வெப், ஹைட்ரஜன் மூலக்கூறு எங்கே சூடாக இருக்கிறது என்பதைக் குடைவின் விளிம்பு வரை துல்லியமாகக் காட்டுகிறது. நொடிக்கு 20 கிலோமீட்டர் அகலத்தைப் பிரித்தறியும் கூர்மை அதன் நிறமாலைக் கருவிகளுக்கு இல்லை. சிலியில் உள்ள அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுதிக்கு அந்தக் கூர்மை தாராளமாக உண்டு. ஆனால் 16-வது படியின் ஒளி அது நிற்கும் பாலைவனத்தின் மெல்லிய காற்றைக் கூட எளிதில் தாண்டி வருவதில்லை. ஒன்றிடம் இடம் இருக்கிறது, மற்றொன்றிடம் வேகம் இருக்கிறது. இப்போதைக்கு அவ்விரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துத்தான் வட்டுக் காற்றா, சுவர் மோதலா என்று ஒவ்வொரு விண்மீனுக்கும் தனித்தனியாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.